மூத்தவள் கவிழ்த்த குடங்கள்

மூத்த மருமகள் ஒரே மூச்சில் பேசி ஊரிலிருந்த அத்தனை குடங்களையும் கவிழ்த்தாள். நீங்கள் நம்ப மாட்டீர்கள். சின்ன மருமகளும் நம்பியிருக்க மாட்டாள். அவளுக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல்.

ஊரெல்லாம் வாந்தி பேதி. சுகாதாரத்துறை வண்டியில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு படிப்பது மூத்தவளின் வேலை. அதே வேலைக்கு மனுப் போட்டுக் கிடைக்காதவள் சின்னவள். கடைத்தெருவில் யாராவது "வண்டியக்கா வீடுதானே?" என்று கேட்டுவிட்டால், அன்றைக்குக் குழம்பில் உப்பு கடலளவு விழும்.

அன்று காலை குழாய்த் தண்ணீரைச் செம்பில் பிடித்து மாமியாரிடம் நீட்டினாள் சின்னவள்.

"வேணாம் அத்தை... தண்ணி கெட்டிருக்குன்னு நேத்துதான் பரிசோதனையில தெரிஞ்சுது," என்றாள் மூத்தவள்.

"போன வாரம் தைரியமா குடிங்கன்னு தெருத்தெருவா கத்தினது யாரு அக்கா? உங்க குரலா, பேயோட குரலா?"

மாமியார் செம்பை வாங்கிக்கொண்டார். "அவ கேக்கறதும் நியாயம்தானேம்மா... உன்னை எப்படி நம்பறது?"

மாமியார் நோயில் படுத்தபோதெல்லாம் கண் விழித்துப் பார்த்தவள் மூத்தவள். ஒரு வாய்த் தண்ணீர் விஷயத்தில்கூட நம்பிக்கை இல்லையா?

"சரி அத்தை. நம்ம தெருவை வண்டி தாண்டற வரைக்கும் பொறுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அதிகாரி தந்த தாளில், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும் என்று மட்டும் இருந்தது. போன வாரத்தைப் பற்றி மூச்சே இல்லை. முதல் தெருவில் படித்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் சிரித்தார்கள். "நாளைக்கு என்ன சொல்லுவே?" என்றார் ஒருவர்.

தன் தெரு வந்ததும் தாளை மடித்துவிட்டாள்.

"போன வாரம் சொன்னது தப்பு. சோதிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டோம். சொன்னது என் குரல்தான். இப்ப சோதிச்சாச்சு. கொதிக்கவைக்காம குடிக்காதீங்க."

வண்டியில் கூட வந்த அதிகாரியின் முகம் சிவந்து, கறுத்து, ஊதாவானது. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்," என்றார். வீட்டுக்கு வீடு தண்ணீரைக் கொட்டுகிற சத்தத்தில் அது யார் காதில் விழும்? குடங்கள் இடி மாதிரி உருண்டன. சாக்கடை ஆறாகப் பெருகி, ஒரு பூனை நீந்தித்தான் அக்கரை சேர்ந்தது.

வேலை போனவளாக வீடு திரும்பினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னவள்.

"உனக்குச் சந்தோஷமா இருக்கும்."

"இல்ல அக்கா... பொறாமையாத்தான் இருக்கு. நானா இருந்தா தாள்ல இருந்ததைப் படிச்சிட்டு வந்திருப்பேன்." சின்னவள் அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"தெருத்தெருவா தண்ணியைக் கொட்டினாங்க. நீ நம்பமாட்டே."

"நம்பறேன். அத்தை வாய்க்கிட்ட கொண்டுபோன செம்பைத் தட்டிவிட்டதே நான்தான்."