மூடி வந்த பாட்டில்கள்

டெலிபோன் அலறியது.

காலை ஒன்பது மணி. டான்ராய்த் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஃபைட் ஷ்டோக்லைன் அப்போதுதான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொண்டிருந்தான். கத்தியோடு ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ... போலீஸ்!"

"ஒரு கொலை நடந்திருக்கு!"

பெண் குரல். மூச்சு வாங்கியது.

கத்தி கீழே விழுந்தது. வெண்ணெய்ப் பக்கமாகத்தான் விழுந்தது!

"யாரைக் கொன்னுட்டாங்க?"

"அலோய்ஸ் கெம்மர்ட். எங்க பீர் ஆலையில வேலை பாத்து ரிடையரானவர்."

"பாடி எங்கே இருக்கு?"

"பாடி இல்ல... பாட்டில்தான் இருக்கு. நாப்பது பாட்டில். அத்தனையும் மூடியிருக்கு. சீக்கிரம் வாங்க!"

டொக்!

பத்து நிமிடத்தில் ஃபைட், க்ரானவெட் பீர் ஆலையின் பாட்டில் கழுவும் கூடத்தில் நின்றான்.

முந்நூற்று நாற்பது வருடத்து ஆலை. முதல் உலகப் போரில் பீரங்கி வார்க்க அரசாங்கம் செப்புக் கொப்பரைகளைக் கேட்டபோது, ஊரே திரண்டு அவற்றைக் குளத்தில் அமுக்கி மறைத்தது. பிறகு பெரிய கம்பெனிகள் மூன்று முறை விலை பேச வந்தன. மூன்று முறையும் பெரிய முதலாளி ஆளுக்கொரு குவளை பீர் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். இப்போது பன்னிரண்டாம் தலைமுறை. பேரன் கையில் குவளை இல்லை... கடிகாரம்தான் இருக்கிறது!

போன் செய்தவள் ரோஸ்வித்தா. அறுபத்தொரு வயது. நீல ஏப்ரன். இரண்டு கட்டை விரல்களும் வீங்கியிருந்தன.

"இதான் தம்பி. நீங்களே பாருங்க."

தரையில் இரண்டு மரப்பெட்டிகள். பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் 41 என்ற எண். உள்ளே காலி பாட்டில்கள். ஒவ்வொன்றின் வாயையும் பீங்கான் மூடி அடைத்திருந்தது. மூடியைக் கம்பி இறுக்கிப் பிடித்திருந்தது.

"பாத்தேன். இதுல கொலை எங்க வந்துச்சு?"

"இந்த மெஷின் மூடின பாட்டிலைக் கழுவாது. ஒவ்வொண்ணா கட்டை விரலால கம்பியைத் தள்ளித் திறக்கணும். குளவி புகுந்துடும்னு ஊரே மூடித்தான் அனுப்பும். திறந்து திறந்து என் விரல் போச்சு!"

"சரி..."

"முப்பது வருஷம் என் எதிர்ல நின்னு இதே வேலையைப் பாத்தவர் அலோய்ஸ். அவர் ரிடையராகி எட்டு வருஷமாச்சு. உயிரோட இருக்கற வரைக்கும் மாசம் ரெண்டு பெட்டி பீர், எங்க ஆலை வழக்கம். நாப்பத்தொண்ணு அவர் நம்பர். காலிப் பெட்டி திரும்பி வரும்போது நாப்பது பாட்டிலும் திறந்தே வரும். ஒண்ணுகூட மூடி வந்ததில்ல. எனக்காக!"

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவள் முகம் சிவந்தது.

"ஜனவரியிலேர்ந்து மூடி வருது தம்பி. நாலு மாசமா! அந்த வீட்டுல இருக்கறது அலோய்ஸ் இல்ல!"

"வயசாச்சு... மறந்திருப்பார்."

"மனுஷன் மறப்பான். கட்டை விரல் மறக்காது!"

ஃபைட் தாடையைத் தடவினான்.

"இந்த எட்டு வருஷத்துல நீங்க ஒரு தடவை போய்ப் பாத்திருக்கலாமே?"

ரோஸ்வித்தா பாட்டில்களையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அவர் கூப்பிடல. நானும் போகல. மாசா மாசம் பெட்டி வந்துச்சு... அது போதும்னு இருந்துட்டேன்."

ஃபைட்டின் மனைவி இறந்து மூன்று வருடம். நேற்று ஞாயிற்றுக்கிழமை. நாள் முழுக்க அவன் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"வண்டியில ஏறுங்க, ரோஸ்வித்தாம்மா!"

காட்டு ரோட்டின் கடைசி வீடு. அதற்கப்புறம் மரங்கள்தான். வாசலில் பித்தளைப் பலகை... அ. கெம்மர்ட்!

ஃபைட் மணியில் விரல் வைத்தான்.

விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது!

எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். படிய வாரிய தலை. கழுத்தில் டை.

ரோஸ்வித்தா இரண்டடி பின்வாங்கினாள்.

"இது... இது அலோய்ஸ் இல்ல!"

"உள்ள வாங்க," என்றார் பெரியவர். "காபி சூடா இருக்கு."

"அலோய்ஸ் கெம்மர்ட் எங்கே?" ஃபைட்டின் குரல் உயர்ந்தது.

"அவர் இல்ல."

"எப்ப வருவார்?"

"வர மாட்டார்."

ரோஸ்வித்தா ஃபைட்டின் கையைப் பிடித்துக் கொண்டாள். பெரியவர் அவனைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குச் சர்க்கரை எத்தனை தம்பி?"

"எனக்குச் சர்க்கரை வேணாம். பதில் வேணும்!"

ஃபைட் அவரைத் தள்ளிக் கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான். மேஜை மேல் மூன்று கோப்பைகள். மூன்று தட்டுகள். ஒரு ப்ளம் கேக்.

இரண்டு பேர் வரப்போவது இவருக்கு எப்படித் தெரியும்?

ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தான்.

பார்த்தவன் உறைந்தான்!

ஆறடி நீளத்துக்கு ஒரு பாத்தி. புதிதாகக் கிளறிய மண். ஓரத்தில் மண்வெட்டி. ஊரில் மழை பெய்து பத்து நாள் ஆகிறது. ஆனால் அந்த இடம் மட்டும் ஈரமாக... கறுப்பாக!

ஃபைட்டின் கை துப்பாக்கிக்குப் போனது.

"அசையாதீங்க பெரியவரே! ரோஸ்வித்தாம்மா, நீங்க பாக்க வேணாம்!"

"நான் பாக்கணும்!"

தோட்டத்துக்கு ஓடினார்கள். ஃபைட் வெட்டினான். ஒரு வெட்டு... இரண்டு... மூன்று...

மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்தான். ரத்தமா?

மறுபடி முகர்ந்தான். அவன் கண்கள் விரிந்தன.

"பீர்!"

பாத்தி முழுக்க நத்தைகள். கொழு கொழுவென்று! நகரக்கூட மனமில்லாமல் மல்லாந்து கிடந்தன.

"எங்க பீரை... மண்ணுல ஊத்தினியா?" ரோஸ்வித்தா கத்தினாள். "அடப்பாவி! கொலைகாரா!"

"டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டார்ம்மா," பெரியவர் தலையைக் குனிந்து கொண்டார். "பாட்டிலைக் காலி பண்ணணும்ல... இதுங்களுக்கு ஊத்தினேன்."

"அலோய்ஸை என்ன பண்ணினீங்க?" ஃபைட் விடவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல. அவர் ப்ரேமன் டவுன்ல இருக்கார். கல்லறையில. நாலு வருஷமாச்சு."

"நாலு மாசம்!"

"நாலு வருஷம்மா."

ரோஸ்வித்தா பாத்தியின் ஓரத்திலேயே உட்கார்ந்து விட்டாள்.

பெரியவர் மெதுவாகச் சொன்னார். அவர் மாடியில் குடியிருப்பவர். நெஞ்சுவலி வந்ததும் அலோய்ஸ், ப்ரேமனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார். வீட்டை அக்கா இவர் பொறுப்பில் விட்டுவிட்டாள். ஆலைக்கும் அவள் கடிதம் போட்டாள்.

ஃபைட் செல்போனில் ப்ரேமனில் இருந்த அக்காவைப் பிடித்தான். எல்லாம் உண்மை! ஆலை ஆபீசைப் பிடித்தான். கடிதம் இருந்தது. பிரிக்காமல் ஃபைலில் இருந்தது!

முந்நூறு வருடத்துக்கு முன் எந்தக் குதிரை வண்டி எந்த ஊருக்குப் போனது என்று சொல்லும் ஆலை. தன் ஆள் ஒருவர் செத்துப் போனது அதற்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது நியாயம்!

ரோஸ்வித்தா தலை நிமிர்ந்தாள்.

"அப்ப... நாலு வருஷமா பாட்டிலைத் திறந்து அனுப்பினது?"

"நான்தான். கிளம்பும்போது சொல்லிட்டுப் போனார். 'பாட்டிலை மட்டும் மூடிடாதே... அங்க ஒருத்திக்கு விரல் வலிக்கும்'னார். நீங்க வேலை செய்யும்போது விசிலடிப்பீங்களாமே? உங்களப் பத்தியேதான் பேசுவார். எனக்கு எல்லாம் மனப்பாடம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே... பாவி மனுஷன்!"

அவள் வாய்விட்டு அழுதாள். யாருக்கோ அனுப்பிய முப்பத்தெட்டு வருடம் விலாசம் தவறிப் போன மாதிரி அழுதாள். ஃபைட் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"செத்தவர் பேர்ல பீர் வாங்கினது தப்பு பெரியவரே. அதையும் குடிக்கல. பின்ன எதுக்கு?"

"பீருக்காக இல்ல தம்பி. வண்டிக்காரருக்காக. அப்பத்தான் வேலைக்கு வந்தவர், அலோய்ஸைப் பாத்ததே இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை மணி அடிப்பார். 'என்ன கெம்மர்ட், சௌக்கியமா?'ன்னு கேப்பார். இந்த ரோட்டுல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட அவர் ஒருத்தர்தான். அது என் பேர் இல்லங்கறது வேற விஷயம்!"

யாரும் சிரிக்கவில்லை.

"ஜனவரியில சின்ன முதலாளி புது ரூல் போட்டார். மணி அடிச்சுப் பேசறது டைம் வேஸ்ட்டாம். பெட்டியை கேட்டுக்கு வெளியிலேயே வெச்சுட்டுப் போயிடறாங்க."

ஃபைட்டின் மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது.

"ஜனவரி! ஜனவரியிலேர்ந்துதானே பாட்டில் மூடி வருது... பெரியவரே! ஏன் மூடினீங்க?"

பெரியவர் முதல் முறையாகச் சிரித்தார்.

"நாலு வருஷம் திறந்து அனுப்பினேன். ஒருத்தரும் வரல. மூடி அனுப்பினா இந்தம்மா கட்டாயம் வருவாங்கன்னு தெரியும். ஆனா நாலு மாசம் எடுத்துக்குவீங்கன்னு நினைக்கல. தினமும் மூணு கோப்பை எடுத்து வெச்சு, சாயங்காலம் திருப்பி உள்ள வெச்சு... போதும்னு ஆயிடுச்சு!"

"ரெண்டு போதுமே. எதுக்கு மூணு?"

"தனியா வரப் பயந்து போலீசைக் கூட்டிட்டு வருவாங்கல்ல?"

ஃபைட் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

"உங்க பேரு? உங்க சொந்தப் பேரு!"

பெரியவர் டையைச் சரி செய்து கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"எகோன். எகோன் லாய்ப்போல்ட். யாராவது கேட்டு நாலு வருஷமாச்சு தம்பி."

ஃபைட் நிறுத்தி நிதானமாக எழுதினான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"எகோன் ஐயா... ஆலைக்கு நான் சொல்லித்தான் ஆகணும். நாப்பத்தோராம் நம்பர் பெட்டி இனிமே வராது."

எகோனின் முகம் விழுந்து போயிற்று. ரோட்டைப் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.

ரோஸ்வித்தா எழுந்தாள். ஏப்ரனில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அது வரலைன்னா என்ன? எனக்கும் மாசம் ரெண்டு பெட்டி உண்டு. நம்பர் அறுபத்தாறு. இங்க வரும். கூடவே நானும் வருவேன். நத்தைக்கு ஒரு சொட்டு கிடையாது! காலி பாட்டில் திறந்தே இருக்கணும். ஒண்ணு மூடியிருந்துச்சு... நானே உங்களக் கொன்னுடுவேன்!"

எகோன் அவளையே பார்த்தார். குனிந்து, பாத்தியோரம் கிடந்த ஒரு காலி பாட்டிலை எடுத்தார்.

டக்!

மூடினார்.

ஃபைட் தொப்பியைக் கழற்றிவிட்டு, சமையலறையில் மூன்றாவது கோப்பைக்கு எதிரே போய் உட்கார்ந்தான்.

"போலீஸ் எதிர்லயே கொலை மிரட்டலா? விசாரணை முடிய சாயங்காலம் ஆகும்... எனக்குச் சர்க்கரை ரெண்டு!"