வாத்தியார் மனைவியின் போன்

கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மேசைமேல் இருந்த போனில் படங்களின் எண்ணிக்கை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. எழுந்து போகும்போது அது பதினேழில்தான் முடிந்திருந்தது. அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிபட்டுக் கிடந்து உயிர் வந்த போன்கள் தூக்கத்திலிருந்து எழுந்த மனிதர்களைப் போலத்தான், எல்லாம் ஒரேயடியாக ஞாபகத்துக்கு வந்துவிடாது.

விடுமுறை நாள். கடைத்தொகுதியின் மேல்மாடியில் மற்ற எல்லாக் கடைகளின் ஷட்டரும் இறங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே குழல்விளக்கு வேண்டியிருந்தது. அறைக்குள் உருகிய ஈயத்தின் வாசனையும், ஈரக் குடையின் வாசனையும், புது டிஸ்பிளே ஒட்டிய பசையின் நெடியும் கலந்து மூக்கை அடைத்தன. தண்ணீரில் விழுந்தது, வண்டி ஏறியது, குழந்தை கடித்தது என்று ஊரெல்லாம் அவளிடம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும் அவளுக்கு உள்ளூர அதில் ஒரு பெருமை உண்டு.

இன்று கடை திறந்ததே ஒரு கணக்கு வாத்தியாருக்காகத்தான். காலையில் கடைப் பலகையில் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்தார். அழைத்த விதத்தில் மறுக்க மனம் வரவில்லை. வந்தவர் கைக்குட்டையில் சுற்றிய போனை மேசைமேல் மெதுவாக வைத்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா.

"என் மனைவி போன்மா. அவளும் பாப்பாவும் ஒரே விபத்துல போயிட்டாங்க. மூணு மாசம் ஆச்சு. போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு."

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். விழுந்து உடைகிற டிஸ்பிளே ஓரத்திலிருந்துதான் விரியும். இது நட்டநடுவில் நாலைந்து இடத்தில் நொறுங்கியிருந்தது. கேட்கலாமென்று நாக்கு வரை வந்தது. விபத்து என்று சொல்லிவிட்டாரே, அதைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டாள். டிஸ்பிளே மாற்றி, கடையின் வைஃபையில் இணைத்தாள். போனைத் திறக்க விரலால் போடுகிற கோடு அவருக்குத் தெரிந்திருந்தது. திறந்ததும் படங்கள் வரிசையாக வரத் தொடங்கின. எல்லாம் ஒரு குழந்தையின் படங்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அந்த இரக்கத்தில்தான் அவளாகவே சொன்னாள்: "அழிஞ்ச படத்தையெல்லாம் தேடி எடுக்கச் சாயந்திரம் ஆயிடும் சார். அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இதுல இருக்கறது எல்லாம் வர வர உங்க போனுக்கும் வர்ற மாதிரி வச்சுத் தரேன்."

"எங்க எடுத்ததுன்னு அதுல இருக்குமாமே, அதும் வருமாம்மா? எங்கெங்க போனோம்னு பார்த்துக்கலாம்…"

"எல்லாமே வரும் சார்."

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். அதிலிருந்து அவள் அழிந்த படங்களைத் தேடும் வேலையைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

புதிதாக வந்த பதினெட்டாம் எண் படத்தைத் தொட்டுத் திறந்தாள். ஜன்னல் திட்டில் ஒரு தொட்டிச் செடி, பின்னால் பச்சைத் திரை, கண்ணாடியில் மழைத்துளிகள். தேதி இன்றைய தேதி. நேரம் மூன்று பன்னிரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பதினான்கு.

போனின் தேதி குழம்பியிருக்கும் என்று நினைத்துச் சரிபார்த்தாள். தேதி சரியாகத்தான் இருந்தது. அப்போது போன் மேசைமேல் லேசாக அதிர்ந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது. படியில் கழற்றிப்போட்ட சின்னச் சிவப்புச் செருப்புகள், இரண்டும் ஈரம்.

அவள் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். எத்தனை போன் பார்த்தவள், இதற்கும் ஏதாவது காரணம் இருக்கும். மழை சற்றே ஓய்ந்து மறுபடி வலுத்தது. கீழே எங்கோ ஒரு ஷட்டர் காற்றில் தடதடத்தது. இருபதாவது படம் வந்தது. ஒரு வாசல், ஓடுகிற தண்ணீர், காகிதக் கப்பல். ஓரத்தில் கேட்டின் மேல் பதினேழு என்ற எண். கப்பலை விடுகிற ஒரு பெண்ணின் கை. மணிக்கட்டில் தீப்பட்ட வடு.

அந்த வடுவை அவள் பார்த்திருக்கிறாள். காலையிலிருந்து நூறு படங்களில் பார்த்திருக்கிறாள். குழந்தைக்கு ஊட்டுகிற கை, தலை வாரிவிடுகிற கை, கேக் வெட்டுகிற கை, எல்லாவற்றிலும் அதே வடு.

மூன்று மாதத்துக்கு முன்னால் செத்துப்போனவளின் கை.

வீட்டுக்கு அழைத்தாள். கணவன் எடுத்தான்.

"ஏங்க, செத்துப்போனவங்க போன்ல புதுசு புதுசா போட்டோ வருதுங்க."

"லீவு நாள்ல கடை திறக்காதேன்னு சொன்னேன்ல? பேய்க்கு எல்லாம் லீவு கிடையாது," என்று சிரித்தான். அவள் சிரிக்காததைக் கவனித்து, "விளையாட்டுக்குச் சொன்னேன்மா. எடுத்து வச்சிட்டுக் கிளம்பி வா," என்றான்.

கிளம்பத்தான் எழுந்தாள். போன் அதிர்ந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

குழந்தை. பச்சைத் திரைக்கு முன்னால் நின்று வாயை 'ஈ' என்று விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் நின்றபடியே பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பல் வரிசை முழுசாக இருந்தது. தலைமுடி காதுவரை. இதில் தோள்வரை வளர்ந்திருந்தது. செத்த குழந்தைக்குப் பல் விழுமா? முடி வளருமா?

அட, உயிரோடு இருக்கிறார்கள்! அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம் தாங்கவில்லை. யாரோ தவறான செய்தி சொல்லியிருக்கிறார்கள், வாத்தியாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தன் போனைக் கையில் எடுத்துவிட்டாள். அந்தப் பெண் இப்போதுதான் புதுப் போன் வாங்கி, படங்கள் சேரும் அதே பழைய கணக்கைத் திறந்திருக்கிறாள், குழந்தையின் படங்களை விட மனமில்லாமல். அதனால்தான் அங்கே எடுப்பதெல்லாம் இங்கே வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கம்ப்யூட்டர் ஒலித்தது. தேடல் முடிந்திருந்தது. அழிக்கப்பட்ட படங்கள் அறுபத்து மூன்று. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிந்தன.

ஒரு புஜம், கன்றிப்போனது. கழுத்தில் விரல் தடங்கள். முதுகு. குளியலறைக் கண்ணாடியில் வீங்கிய ஒரு கண். சில படங்களில் காயத்துக்குப் பக்கத்தில் அன்றைய செய்தித்தாள், தேதி தெரிகிற மாதிரி மடித்து வைத்தது. கடைசிப் படத்தில் இருந்த தோள் மிகச் சின்னது. குழந்தையுடையது.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

விபத்து நடக்கவில்லை. யாரும் சாகவில்லை. தப்பித்து ஓடியிருக்கிறார்கள். மூன்று மாதம் தேடியும் கிடைக்காதவர்களை அவளே இரக்கப்பட்டு, காலையிலிருந்து ஒவ்வொரு படமாக, இடத்தோடு, நேரத்தோடு அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல். படி. வாசல். கேட்டின் எண்.

பகிர்வை நிறுத்தினாள். அவர் கடைசியாகப் படங்களைப் பார்த்தது இருபது நிமிடத்துக்கு முன்னால் என்று காட்டியது. அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவைப்படவில்லை.

அவரை அழைத்தாள். நீண்ட நேரம் அடித்து எடுக்கப்பட்டது. வண்டியின் துடைப்பான் சத்தம். சரக், சரக்.

"சார், நீங்க… எங்க சார் இருக்கீங்க?"

"வந்துட்டேன்மா. பக்கத்துலதான்." அதே மெல்லிய குரல். "நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன்." கதவைச் சாத்துகிற சத்தம். தொடர்பு அறுந்தது.

போலீஸுக்கு அழைத்தாள். படத்தில் இருந்த இடத்தைப் படித்துச் சொன்னாள். கேட் எண் பதினேழு என்று கத்தினாள்.

"நீங்க அவங்களுக்கு என்னம்மா வேணும்?"

"சொந்தம் ஒண்ணும் இல்லீங்க, நான் போன் ரிப்பேர் பண்றவ. தயவுசெஞ்சு உடனே ஆள அனுப்புங்க!"

"அனுப்பறோம்மா. மழை. கொஞ்ச நேரமாகும்."

கொஞ்ச நேரம். அந்தப் பெண்ணின் புது எண் தெரியாது. யாரைக் கேட்பது? அப்போதுதான் தோன்றியது. அங்கிருந்து இங்கே வருமென்றால் இங்கிருந்தும் அங்கே போகும். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள். 'அவருக்கு இடம் தெரிந்துவிட்டது. உடனே குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கள்.' அந்தப் போனாலேயே அதைப் படம் எடுத்தாள். சுற்றிச் சுற்றி வட்டம் ஓடியது. ஏறிவிட்டது. நாலாயிரத்து முந்நூற்று இருபத்திரண்டு.

காத்திருந்தாள். மழை. குழல்விளக்கின் ரீங்காரம். மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்திரண்டு. பாரும்மா. போனை எடுத்துப் பாரும்மா.

மூன்று ஐம்பத்தைந்து. எண்ணிக்கை மாறியது.

இருபத்தொன்று.

அவள் அனுப்பிய படத்தைக் காணோம். அந்தப் பக்கத்திலிருந்து அழித்திருக்கிறார்கள். அப்படியென்றால் பார்த்துவிட்டாள்! பார்த்ததும் அழித்திருக்கிறாள், புத்திசாலிப் பெண். இந்நேரம் படி இறங்கியிருப்பாள். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஓடு தாயே, ஓடு.

போன் அதிர்ந்தது.

இருபத்திரண்டு.

பச்சைத் திரை முழுதாக இழுத்து மூடியிருந்தது. அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் குழந்தை, சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டு, பல் விழுந்த இடம் தெரிய. மற்றதில் அதன் அம்மா. இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். அந்த முகத்தை இன்றைய படங்களில் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே, படம் எடுப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.