இடது பக்கம் வைத்த ஸ்பேனர்

ரூனேயின் கால் பட்டு, டப்பாக்கள் இருந்த பலகை கவிழ்ந்தது. இருநூற்றுப் பதினான்கு போல்ட்டுகள் கொட்டகைத் தரையெங்கும் உருண்டோடின. ஒன்றுகூட அவருடையதல்ல. எல்லாம் ஹெல்மெருடையவை. ஹெல்மெர் போய் ஐந்து வருடமாகிறது. அவனுடைய இங்கெயெர்ட் இப்போது ரூனேயின் மனைவி.

கொட்டகையில் கிடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருடத்துக் கறுப்புக் கார். ஹெல்மெர் அதை அடிச்சட்டமான சேசிஸ் வரைக்கும் பிரித்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய வரிசையிலேயே தகர டப்பாக்களில் போட்டு, மேலே சீட்டு ஒட்டினான். ஒட்டி முடித்த வாரமே அந்த வெறும் சேசிஸுக்கு அடியில் மாரடைப்பில் முடிந்துபோனான். இந்தக் கோடையில் வண்டியைத் திரும்பப் பூட்டியே தீருவேன் என்று இங்கெயெர்ட் கிளம்பியபோது, நானும் வருகிறேன் என்றது ரூனேதான். முப்பது வருடம் நகராட்சி அலுவலகத்தில் காகிதத்தோடு மட்டும் மல்லுக்கட்டியவர். ஸ்பேனரைச் சூப்புக் கரண்டி மாதிரி பிடிப்பவர். ஆனால் கூட இருந்தால்தானே கண்காணிக்க முடியும்? செத்தவனைக் கண்காணிக்கக் கிளம்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

போல்ட்டுகளை அள்ளி, கைக்குக் கிடைத்த டப்பாவில் கைக்குக் கிடைத்ததைப் போட்டார். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் போய் உருளைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டார். 

காலையில் கொட்டகையிலிருந்து இங்கெயெர்ட் கத்தினாள். "ரூனே! இங்க வா!"

தண்டனைக்குத் தயாராகத்தான் போனார். டப்பாக்கள் வரிசையாக நின்றன. உள்ளே போல்ட்டுகள் எண்ணெய் தடவி, அளவுவாரியாக மினுங்கின. மங்கிப்போன பழைய சீட்டுகளுக்குப் பதில் புதுச் சீட்டுகள்.

"நீயா பண்ணுன? சொல்லவே இல்ல!"

ரூனே சீட்டைப் பார்த்தார். இடக்கைக்காரனின், இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியும். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம், அலமாரியிலிருந்த ஹெல்மெரின் கடிதங்களைப் படித்திருக்கிறார். ஒரு தடவை. சரி, நாலு தடவை.

"நான்தான்," என்றார்.

அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். கல்யாணமான இரண்டு வருடத்தில் காலை பத்து மணிக்குக் கிடைத்த முதல் முத்தம். அதற்காக அவர் ஒரு கொலையைக்கூட ஒப்புக்கொண்டிருப்பார்.

அதன்பிறகு வேலை ஓடியது. வடக்கின் ஜூன் மாதம். சூரியன் மறைவதாகவே இல்லை. கொட்டகைப் பலகை இடுக்குகள் வழியே வெளிச்சம் கத்திகத்தியாக உள்ளே விழுந்தது. தாரும் ஆளிவிதை எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாடை சட்டையை விட்டுப் போகவில்லை. கொசுக்கள் வெளியே வாசலோடு நின்றுவிட்டன. ஏன் உள்ளே வருவதில்லை என்று ரூனே ஒருநாள் யோசித்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார். கை வேலையில் இருந்தது. எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அவருக்கு முன்பே கைக்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு நட்டையும் இறுக்கி முடித்ததும் சேசிஸை இரண்டு முறை தட்டினார். டிங், டிங். ஏன் தட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டிக்கு மறுபக்கம் இங்கெயெர்ட் வேலையை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பேசும்போது அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

"இங்கெ, உனக்கு என்னை அதிகம் புடிக்குமா, அவனையா?" தமாஷாகக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

"காப்பி ஆறிடப் போகுது," என்றாள்.

எப்போது கேட்டாலும் காப்பிதான் ஆறியது.

ஸ்பிரிங்குகளில் புஷ் என்ற ரப்பர் வளையங்களை இறுக்கும் நாள் வந்தது. ஓட்டுகிறவனின் கனத்தில் வண்டி தாழ்ந்து நிற்கும்போதுதான் அவற்றை இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். ஹெல்மெரின் குறிப்பில் இருந்த அவனுடைய கனம் தொண்ணூற்றொரு கிலோ. ரூனே அறுபத்தெட்டு. பாக்கிக்கு அவள் மணல் மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"ஏறி உக்காரு, ஒல்லிப்பிச்சான்."

குறுக்கே போட்ட பலகையில் உட்கார்ந்தார். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்பிரிங்குகள் முனகின, தாழ்ந்தன. மேலும் தாழ்ந்தன. அவள் குனிந்து அளவுகோலை வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

"மூட்டைய இன்னும் வைக்கவே இல்லையே," என்றார் ரூனே.

"தேவையில்ல," என்று அவள் நட்டை இறுக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

வீட்டுக்குள் ஓடிப்போய் எடை பார்த்தார். அறுபத்தெட்டு. இறங்கி, மறுபடி ஏறினார். அறுபத்தெட்டு.

மறுநாள்தான் கவனித்தார். கருவிகள் எல்லாம் அவருக்கு இடது பக்கம் இருந்தன. அவர் வலக்கைக்காரர். யார் வைத்தது என்று திரும்பினார். இங்கெயெர்ட் அடுத்த ஸ்பேனரைத் துடைத்து, அவருடைய இடது பக்கத்தில், பூ வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போனாள்.

இடக்கை அதை எடுத்தது.

அன்று காப்பி மேசையில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்தார். பன்னைக்கூட எடுக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பையன் மாதிரி. சிரிப்பு வரவில்லை. இடக்கை மெல்ல நழுவி வெளியே வந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போனது. அவளுடைய பின்கழுத்தில், முடிக்குக் கீழே, ஓரிடத்தைத் தொட்டது. அப்படி ஓர் இடம் இருப்பதே ரூனேவுக்குத் தெரியாது. அவள் தலை சாய்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. இரண்டு வருடத்தில் அவர் கேட்டிராத சத்தம்.

தன் கையைப் பார்த்து ஒருவன் பொறாமைப்பட முடியுமா?  கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிடலாமா என்று நினைத்தார். கதவுவரை போனார். கை நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவரை மேற்கொண்டு நகரவிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அது கேட்கவில்லை. பாடியைச் சேசிஸில் இறக்கியது. கண்ணாடி பொருத்தியது. வயர் இழுத்தது. வலக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. ரூனே கூடவே நின்றார். நிற்காமல் எங்கே போவது?

ஆகஸ்டில் வண்டி முடிந்தது.

நல்ல வெயில். இங்கெயெர்ட் நீலச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. தோள்வரை மரத்திருந்தது. இல்லை, கழுத்துவரை.

அவள் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவள் பார்த்தது கைகளை.

"இங்கெ. என்னைப் பாரு."

பார்க்கவில்லை.

"ஒரே ஒரு தடவ சொல்லிடு. உனக்கு யாரு வேணும்? நானா, அவனா?"

இந்த முறை அவள் எதையும் சொல்லித் தட்டிக்கழிக்கவில்லை. இடக்கையின் மேல் தன் கையை வைத்தாள். விரல்கள் உடனே அவள் விரல்களைக் கோத்துக்கொண்டன. பிறகு, பல நாட்களில் முதல்முறையாக, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக, கழற்ற வேண்டிய வரிசையில் பார்த்தாள். அவள் குரலில் கனிவு இருந்தது.

"அவன்தான், ரூனே. இன்னும் முகம் மட்டுந்தான் பாக்கி. கொஞ்சம் பொறுத்துக்கோ."