ஒப்புவளையம் கட்டிய வக்கீல்

மூன்றாவது தடவையும் ஒப்புவளையம் சிவப்பாகத்தான் எரிந்தது.

"நான் இங்கயேதான் இருக்கோணும்னு சொல்றனே, அப்புறம் என்னதான் வேணுமாம் இதுக்கு?" என்று ஆறுக்குட்டி தன் மணிக்கட்டைப் பார்த்துக் கேட்டார். எண்பத்தொரு வயது. நாற்பது வருஷம் கோவை கணபதியில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். எந்த மெஷினும் அவரை இப்படி மூக்கறுத்ததில்லை.

எதிரே வழக்கறிஞர் மரகதவல்லி உட்கார்ந்திருந்தாள். கோவை வட்டாரத்து மூத்தோர் இல்லங்களில் பாதிக்கு அவள்தான் வக்கீல். தண்ணிழல் இல்லத்தின் நிர்வாகி நாச்சிமுத்து காலையிலேயே போன் போட்டு அவளை வரவழைத்திருந்தார்.

வளையத்தில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நாடி, தோலின் ஈரம், விரல் நரம்புகளின் நடுக்கம் மூன்றையும் பார்க்கும். வாய் சொல்வதை மனமும் சொன்னால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பெற்றவர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கி இல்லங்களில் தள்ளிவிட்டுப் போகிற கூத்து எல்லை மீறியபோது, ஒன்பது வருஷத்துக்கு முன் அரசு இதைச் சட்டமாக்கியது. ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் பச்சையில் புதுப்பிக்க வேண்டும். சிவப்பு மாறாவிட்டால் முப்பது நாளில் ஆளை வெளியே அனுப்பியாக வேண்டும். வைத்துக்கொண்டால் இல்லத்தின் உரிமம் போய்விடும். ஆறுக்குட்டிக்கு வெளியே வீடும் இல்லை, வா என்று கூப்பிட ஆளும் இல்லை.

"நாலு வருஷம் பச்சைதானுங்க மேடம். இந்த வருஷம் இவருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல" என்றார் நாச்சிமுத்து.

"மொத்தமா 'சம்மதமா'ன்னு கேட்டா மொத்தமாத்தான் பதில் சொல்லும். ஒவ்வொரு பிரிவா படிப்போம்" என்றாள் மரகதவல்லி.

சாப்பாடு, பச்சை. மருத்துவம், பச்சை. விருந்தாளிகள் வரும் நேரம், பச்சை. பதினான்காம் பிரிவு வந்தது. 'உள்ளுறைவோர் இல்லத்தில் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் அனுமதிக்கப்படார்.'

வளையம் பளீரென்று சிவந்தது.

ஆறுக்குட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாச்சிமுத்துதான் மெதுவாகச் சொன்னார். போன மாதம் போர்வெல் மோட்டார் புகைந்து நின்றுபோனது. இவர் ஸ்க்ரூ டிரைவரோடு போய் உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்து இந்தப் பிரிவைக் காட்டி, கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிவந்து படுக்கவைத்தார். வெளியிலிருந்து வந்த ஆள் ரெண்டு நாள் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு நாளு" என்றார் ஆறுக்குட்டி, ஜன்னலைப் பார்த்தபடியே. "அரை நாள் வேலைங்க அம்மணி அது."

மரகதவல்லிக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் எல்லா இல்லங்களுக்கும் பொதுவாக அரசின் மாதிரிப் பத்திரம் தயாரானபோது அந்தப் பிரிவை எழுதியவள் அவள்தான். எங்கேயோ ஒரு இல்லத்தில் கிழவர்களை வெங்காயம் உரிக்க வைத்தார்கள் என்று வழக்கு வந்ததும், தன் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எழுதியது. அதற்காகப் பாராட்டுகூட வாங்கியிருந்தாள்.

"இந்தப் பிரிவை மாத்திடலாம்" என்றாள்.

நாச்சிமுத்து பதறிப்போனார். "மாதிரிப் பத்திரத்துல கை வெச்சா நீங்களும் வளையம் கட்டோணுமுங்களே."

அதுதான் விஷயம். மாதிரிப் பத்திரத்தை அப்படியே பயன்படுத்தினால் வக்கீலுக்குக் கையெழுத்தோடு வேலை முடிந்தது. ஒரு வார்த்தை மாற்றினாலும் இல்லத்துக்காரர், உள்ளுறைபவர், வக்கீல் மூவரும் கட்டியாக வேண்டும். ஒன்பது வருஷமாக எந்த வக்கீலும் அந்தப் பத்திரத்தில் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"கட்டிக்கிறேன்" என்றாள் மரகதவல்லி.

'ஆறுக்குட்டி விரும்பினால் இல்லத்தின் மோட்டார்களைப் பழுதுபார்க்கலாம்' என்று எழுதினாள். அவருக்கு உடனே பச்சை. நாச்சிமுத்து கட்டிக்கொண்டு "சம்மதம்" என்றார். சிவப்பு.

"கரண்ட் அடிச்சுட்டா என்ன பண்றதுங்க?" என்று தன் பயத்தை ஒப்புக்கொண்டார்.

ஃப்யூஸைப் பிடுங்கிவிட வேண்டும், எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சேர்த்தாள்.

"நிக்கட்டும். ஆனா வாயத் தொறக்கப்படாது" என்றார் ஆறுக்குட்டி. அதையும் சேர்த்தாள். இருவருக்கும் பச்சை.

இப்போது அவள் முறை. வளையம் மணிக்கட்டில் குளிர்ந்தது. 'இந்த ஒப்பந்தம் உள்ளுறைவோருக்கு முற்றிலும் பாதுகாப்பானது எனச் சான்றளிக்கிறேன்' என்று படித்தாள். சிவப்பு. நிதானமாக இன்னொரு தடவை படித்தாள். அதே சிவப்பு. முப்பது வருஷ நீதிமன்ற அனுபவம் அந்த வளையத்திடம் எடுபடவில்லை.

"உள்ளத உள்ளபடி சொல்லிப்போடுங்க அம்மணி. அதொண்ணும் கடிக்காது" என்றார் ஆறுக்குட்டி.

அச்சிட்டிருந்த அந்த வாசகத்தை மரகதவல்லி அடித்துவிட்டு, வேறு எழுதிப் படித்தாள். "இது முற்றிலும் பாதுகாப்பானது அல்ல. இவருக்கு அடிபடலாம். தெரிந்தேதான் எழுதுகிறேன். இவர் நன்மைக்கு இதுதான் சரி என்று நம்புகிறேன்."

பச்சை.

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, எதிர்த்தரப்பு வக்கீல் இத வெச்சே நம்மள உரிச்சுடுவாருங்க" என்றார் நாச்சிமுத்து.

"உரிக்கட்டும்" என்றாள் அவள். இப்படியொரு நிம்மதியோடு கையெழுத்துப் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

இல்லத்தில் சங்கதி பரவ அரை மணி நேரம் போதும். மத்தியானத்துக்குள் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை ஒழுங்குபடுத்த வேண்டுமாம். ஒரு அம்மாவுக்கு வாரம் ஒரு நாள் சமையல்காரரை நகர்த்திவிட்டுக் குழம்பு வைக்க வேண்டுமாம். மரகதவல்லி சலிக்காமல் எழுதினாள், ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னாள், பச்சை வாங்கினாள். நாச்சிமுத்துகூடச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

கடைசியாக ரெபெக்கா டீச்சர் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு வேலையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா. முப்பத்தஞ்சு வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. பழைய பத்திரமே இருக்கட்டும்."

"சரிங்க டீச்சர்" என்று மரகதவல்லி வளையத்தைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதீங்க. அந்தப் பழைய பத்திரம் என் நன்மைக்குத்தான் எழுதினதுன்னு, அதக் கட்டிக்கிட்டே ஒரு தடவை சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

மரகதவல்லி வளையத்தைப் பார்த்தாள். பிறகு முப்பத்திரண்டு பக்கப் பத்திரத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

முதல் பிரிவிலேயே பேனாவைத் தேட வேண்டியிருந்தது.