அசோக்கின் ஃபோல்டர்

திரையில் வந்த வரியில் ஒரே ஒரு சொல்தான் தப்பு. /home/akalya/lathe என்று வந்திருக்க வேண்டும். /home/ashok/lathe என்று வந்திருந்தது.

அகல்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தாள். லேத் பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன கம்பெனி அது, அம்பத்தூர் எஸ்டேட்டின் உள்சந்து ஒன்றில். சனிக்கிழமை என்பதால் மதியத்தோடு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது மாடியில் அவள் மட்டும். காலையிலிருந்து விடாமல் பெய்யும் மழை அக்கம்பக்கத்துத் தகரக் கூரைகளில் கொட்டிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கோ ஒரு பிரஸ் மெஷின் நிமிடத்துக்கு ஒரு தரம் தரையை அதிர வைத்தது. நனைந்த கால்மிதியின் நாற்றமும் எண்ணெய் வாடையும் கலந்து அறைக்குள் தேங்கி நின்றன.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் வருகிறார். அவளுடைய சி புரோகிராம் எழுதும் பதிவுக் கோப்பு எங்கே போய் விழுகிறது என்றே தெரியவில்லை. முழுப் பாதை சொல்லாமல் கோப்பை எழுதச் சொன்னால், புரோகிராம் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கேயே எழுதிவிடும். அதனால்தான் getcwd என்று ஒரு வரியைச் சேர்த்து, நீ எங்கே நிற்கிறாய் என்று அதையே கேட்டாள்.

அது அசோக்கின் ஃபோல்டரைச் சொன்னது.

ஜூன் மாதம் வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அசோக். புரோகிராமில் ஒரு வரி பிழையாகி, மெஷினுக்குத் தப்பான அளவு போய், ஒரு பட்டறையில் ஆள் ஒருவருக்குக் கை நசுங்கியது. அந்த வரியை எழுதியவள் அகல்யா. அசோக் எழுதியது என்று மேனேஜருக்கு மெயில் போட்டவளும் அவள்தான். அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் சண்டை போடவில்லை. அவளையே பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வெளியே போனான். ஆகஸ்டில், அண்ணனூர் ஸ்டேஷனைத் தாண்டித் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். போன வாரம் அவனுடைய ஃபோல்டரை அடியோடு அழித்தாள். ஒரே ஒரு கட்டளை. அரை நொடிகூட ஆகவில்லை.

/home-க்குள் எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் மட்டுமே இருந்தது. மறுபடி ஓட்டினாள்.

No such file or directory.

அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்கிறது. மூச்சு விட்டாள். இது தெரிந்த கதைதான். திரையில் மூடாமல் விட்ட பழைய ஜன்னல் ஏதோ அழிந்துபோன ஃபோல்டருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது. அப்படி நிற்கும் புரோகிராம் செத்துவிடாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு இடம் மட்டும் இருக்காது. எல்லா ஜன்னல்களையும் மூடினாள். புதிதாக ஒன்றைத் திறந்து, தன் ஃபோல்டருக்குப் போய், ஓட்டினாள்.

/annanur/track

விரல்கள் அப்படியே நின்றன. எதையும் அழுத்தாமலே அடுத்த வரி வந்தது.

/thirumullaivoyal

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. மழைக்கு நடுவே தூரத்தில் மின்சார ரயில் ஒன்று ஊதிற்று.

/ambattur/station

கீழே காவலுக்கு இருக்கும் கோதண்டத்துக்குப் போன் போட்டாள். "கோதண்டண்ணே, யாராவது வந்தாங்களா?"

"இந்த மழைல எவன்மா வருவான்? கேட்டு பூட்டிகீது."

/ambattur/estate

/gate

"இரும்மா, யாரோ நிக்கிறாங்க." சங்கிலி உரசும் சத்தம். "அட, நம்ம அசோக் சாரு! எவ்ளோ நாளாச்சு சார்! இன்னா, இப்டி நனஞ்சிகினு வரீங்க?"

"அண்ணே, திறக்காதீங்க! அண்ணே!"

"தொறந்துட்டேனேம்மா. மேலதான் வராரு." கோதண்டத்தின் குரல் தாழ்ந்தது. "இன்னா கேட்டாலும் வாயே தொறக்கல. மூஞ்சியே செரியில்ல. உம்மேல எதுனா கோவமா அவருக்கு?"

போன் கையிலிருந்து நழுவியது.

/stairs

ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். படியில் ஈரத் துணி இழுபடும் சத்தம். ஒரு படி. நின்றது. இன்னொரு படி. இரும்புத் தூளின் வாடை, அதற்குள் இனிப்பாக வேறொன்று. பின்வாங்கி வந்தவள் நாற்காலியில் இடித்து அப்படியே உட்கார்ந்தாள்.

/door

கதவு தட்டப்படவில்லை. கதவின் அடியில் தண்ணீர் வந்தது. கறுப்பாக. நேராக அவளை நோக்கி.

/home/akalya

எழப் பார்த்தாள். முடியவில்லை. அவள் விரல்களின் மேல் ஜில்லென்று வேறு விரல்கள் படிந்தன. அவள் கையைக்கொண்டே அவை தட்டின. போன வாரம் அவள் தட்டிய அதே கட்டளை. கடைசியில் அவள் பெயர்.

அழுத்தின.

No such file or directory.

தாழ் தானாக விலகியது. டார்ச்சோடு கோதண்டம் உள்ளே வந்தார்.

"அகல்யாம்மா?"

"அண்ணே!" என்று கத்தினாள். தன் குரல் தனக்குக் கேட்டது. அவர் நாற்காலியைப் பார்த்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். பார்வை எங்கேயும் நிற்கவில்லை.

"லைட்டகூட நிறுத்தாம பூட்ச்சு பாரு இந்தப் பொண்ணு," என்று முனகினார். "அந்த சாரு எங்க?"

"இங்கதான் இருக்கேன்! அண்ணே, இங்க!"

மின்விசிறியை நிறுத்தினார். விளக்கை அணைத்தார். வெளியே பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

இருட்டு. மழை.

நாற்காலி கிறீச்சிட்டது. அவள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், அவசரமே இல்லாமல், வேறொருவர் உட்கார ஆரம்பித்தார். முதலில் மடியில் ஈரம். அப்புறம் கனம்.