பேரில் மட்டும் தாமரை

புதுச்சேரி வரலாற்றிலேயே பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள் அது. தலைமையாசிரியர் புகழ்வேந்தன் மைக்கில் அப்படித்தான் சொன்னார். மைக் வேலை செய்யவில்லை.

மடுகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் பின்னால், முழங்கால் ஆழக் குளம். அதில் தாமரை விடும் விழா. ஏற்கெனவே நாலு அல்லி இருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"ஆளுக்கொரு தாமரை கொண்டாங்க" என்று புகழ்வேந்தன் சார் சொல்லியிருந்தார். ஆறாம் வகுப்பு ஷைஸ்தா, வாய்க்காலில் மிதந்த ஆகாயத்தாமரையைப் பக்கெட் நிறைய அள்ளி வந்தாள்.

"இது தாமரையாடி?" என்றாள் தோழி வெண்ணிலா.

"பேர்லயே இருக்குதுல்ல?"

சாருக்கும் அதே சந்தேகம் வந்தது. அதே பதிலில் தீர்ந்தது.

சிறப்பு விருந்தினர் செடிகளைக் குளத்தில் விட்டார். ஷைஸ்தாவின் பக்கெட்டிலிருந்து ஒரு செடியை அவருக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் குளத்தில் ஒரு விரால் மீன் இருந்தது. அடிக்கடி தலையை நீட்டி, 'பக்' என்று காற்றை விழுங்கி, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகும். வருகைப் பதிவு எடுப்பதுபோல இருக்கும். அதனால் ஷைஸ்தா அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தாள். மதியச் சோற்றில் ஒரு பிடி மேடத்துக்கு.

இரண்டே மாதத்தில் ஆகாயத்தாமரை மூடி, தண்ணீர் தெரியவில்லை. அல்லியைக் காணோம். மேடமும் தலைகாட்டவில்லை.

"சார், மீனு மூச்சு வுட எடமே இல்ல சார். கொஞ்சம் எடுத்துடலாம்."

"இன்னாம்மா நீ! எவ்ளோ பசுமை பாரு!"

மறுநாள் பலகை வந்தது: 'தாமரைக் குளம். தொடாதே.'

அடுத்த வாரம் குளம் நாறியது. ஷைஸ்தா பலகையைத் தாண்டி இறங்கினாள். மூன்றாவது பிடியை இழுத்தபோது, வேர்களுக்கு அடியில் மேடம் மல்லாந்து கிடந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் கரையில் நின்ற வெண்ணிலா.

"மேல வர வழி இல்லடி. நாந்தான் மூடிட்டேன்."

அழுதுகொண்டே இழுத்தாள். வெண்ணிலா இறங்கினாள். பிறகு வகுப்பே இறங்கியது. கடைசியில் சாரும் பேன்டை மடித்துக்கொண்டு வந்தார். சேற்றில் ஒரே ஒரு அல்லிக் கிழங்கு, விரல் நுனி அளவு துளிரோடு கிடைத்தது. ஷைஸ்தா அதைத் திரும்பவும் ஊன்றினாள்.

"இந்தச் செடிய யாரு கொண்டாந்தது?" என்றார் சார், பிடுங்கிப் போட்ட குவியலைக் காட்டி.

"நாந்தான் சார்."

சார் பலகையைப் பார்த்தார். பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"சார், அன்னைக்கு வந்தவருக்கு ஒண்ணு குடுத்தோமே. போன் பண்ணி, தண்ணில வுட வேணான்னு சொல்லுங்க சார்."

சார் போன் செய்தார்.

அவர் அதை அன்றைக்கே தம் ஊர் ஏரியில் விட்டிருந்தார்.