காலிக் கப்பலில் யார்?

ட்ரிங்... ட்ரிங்...!

உடையார்பாளையம் போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது. ஏட்டு முத்துசாமி டீ கிளாஸைக் கீழே வைக்காமலே எடுத்தார்.

"யாருப்பா?"

"சார்... அய்யா மோட்டார் கொட்டாயில செத்துக் கெடக்காருங்க!"

"எந்த அய்யா?"

"முந்திரித் தோப்பு வைரக்கண்ணு அய்யாங்க. பின்மண்டை ஒடஞ்சு கெடக்கு!"

"நீ யாரு?"

"தோப்புக் காவக்காரன் முருகையன் சார்."

"அடிச்சது யாரு?"

"அதத்தான சார் நீங்க கண்டுபிடிக்கணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் போலீஸிடம் நியாயம் பேசுகிறவனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். அந்தச் சனிக்கிழமை மதியத்துக்குள் முருகையன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பிணத்தின் பக்கத்தில் கிடந்த கடப்பாரை அவனுடையது. ஆடு தோப்புக்குள் புகுந்துவிட்டது என்று போன வாரம்தான் வைரக்கண்ணு அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார். "ஒரு நா இல்ல ஒரு நா ஒங்கள போட்டுத் தள்ளுறேன் பாரு!" என்று அவனும் கடைத்தெருவே கேட்கக் கத்தியிருந்தான்.

டி.எஸ்.பி.க்கு அது போதுமானதாக இருந்தது.

"இப்போதைக்கு விசாரணைன்னு வச்சிருங்க. திங்கக்கிழமை சாயந்தரம் கோர்ட்டுல நிறுத்திடுங்க!" என்றார் இன்ஸ்பெக்டர் சுகன்யாவிடம்.

சுகன்யாவுக்குப் போதவில்லை.

கொன்றவன் எதற்குப் போன் பண்ணிவிட்டு, போலீஸ் வரும்வரை பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

ஸ்டேஷன் வாசலில் முருகையனின் மனைவி ராசாத்தி நின்றாள். சனிக்கிழமையிலிருந்து அவள் நகரவே இல்லை.

"எம் புருசனுக்கு வாய்தான் நீளும்மா... கை நீளாது!"

சுகன்யா அவளை நிழலில் உட்காரச் சொன்னாள். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாததில் தன் மேலேயே கோபம் வந்தது.

* * *

வைரக்கண்ணுவுக்கு ஒரே மகன். பெயர் கோகுலகிருஷ்ணன். பெரம்பலூரில் டைல்ஸ் கடை. மனைவி லாவண்யா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை.

முந்திரித் தோப்புக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. சுரங்கக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். "நான் இருக்கற வரைக்கும் ஒரு மரத்துலயும் கை வைக்க முடியாது!" என்றார் கிழவர். இப்போது அவர் இல்லை. லாபம் யாருக்கு என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிழவர் செத்தபோது மகனும் மருமகளும் கடலில் இருந்தார்கள்!

ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் கரையிறங்கியதும் செய்தி கேட்டு, அடித்துப் பிடித்து ஓடி வந்து, இரவோடு இரவாகக் கொள்ளி வைத்தார்கள். திங்கள் காலை சுகன்யா அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கோகுலகிருஷ்ணன் மொட்டைத் தலையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான்.

"ஆறு நாளும் கப்பல்லயா?"

"ஆமா மேடம். கல்யாண நாளுக்காக லாவண்யாதான் ஆசப்பட்டா. திங்கக்கெழம கொச்சியில ஏறி, லட்சத்தீவு போயிட்டு வியாழக்கெழம கொச்சி. எறங்காம அப்படியே இன்னொரு ட்ரிப்பு."

"அது எங்க?"

"லட்சத்தீவு."

"மறுபடியுமா?"

முத்துசாமி குறுக்கே வந்தார். "பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் போயிட்டு, வந்த பஸ்ஸுலயே குந்திக்கிட்டு மறுபடியும் அரியலூர் போறாப்பலயா சார்?"

"சேத்து எடுத்தா சலுகைங்க."

"ரெண்டாவது வாட்டி என்ன விசேஷம்?" என்றாள் சுகன்யா.

"ஒண்ணுமில்ல மேடம். அதே தீவு. அதே மேஜிக்காரன், அதே புறா. செவ்வாக்கெழம போட்ட மீன் கொழம்பயே வெள்ளிக்கெழமயும் போட்டான்."

"அதே மீனுங்களா?" என்றார் முத்துசாமி.

சுகன்யா அவரை முறைத்துவிட்டுக் கேட்டாள்.

"நடுவுல வியாழக்கிழமை, கொச்சியில என்ன பண்ணுனீங்க?"

"அய்யோ, அத ஏன் கேக்குறீங்க? ஒரே கூட்டம்! பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு கெட்டுது போங்க! மொத நாள் மாதிரியே வரிசையில நின்னு, போட்டோ புடிச்சு, கார்டு வாங்கி... காலு வீங்கிடுச்சு மேடம்!"

உள்ளறையில் லாவண்யாவைத் தனியாகக் கேட்டாள்.

"அவரு ஆறு நாளும் என் கூடவேதான் மேடம் இருந்தாரு."

"வியாழக்கிழமை?"

"அன்னிக்கு சரியான கூட்டம். வரிசையில நிக்கிறப்ப ஒரு புள்ள என் முந்தானைய மிதிச்சிடுச்சு. கிழிஞ்சே போயிருக்கும்!"

இரண்டு பேர் வாக்குமூலமும் தைத்தது போலப் பொருந்தியது. சுகன்யாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி எந்த விஷயத்தில் இத்தனை ஒற்றுமையாக இருக்கிறார்கள்?

* * *

ஸ்டேஷனுக்கு வந்து கொச்சிக்குப் போன் போட்டாள். கப்பல் ஆபீஸ்காரர் தமிழ் பேசினார்.

"ரெண்டு பேரும் லிஸ்ட்ல இருக்காங்க மேடம். ரெண்டு ட்ரிப்பும்."

"வியாழக்கிழமை ரொம்பக் கூட்டமாமே?"

"கூட்டமா? பழைய ஆளுங்க எல்லாம் காலையிலயே இறங்கிடுவாங்க. புது ஆளுங்க சாயங்காலம்தான் ஏறுவாங்க. நடுவுல பகல் முழுக்க கப்பல் காலி! தொடர்ந்து தங்கறவங்களுக்கு வரிசை இல்ல, போட்டோ இல்ல. புது கார்டு முந்தின ராத்திரியே ரூமுக்குப் போயிடும். பெரிய கப்பல்ல ராஜா ராணி மாதிரி உலாத்தலாம். அன்னிக்குத் தங்கினது இவங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

சுகன்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கப்பல் கிளம்பறப்ப இவங்க உள்ள இருக்காங்களான்னு பாத்தீங்களா?"

"இறங்காதவங்கள எதுக்கு மேடம் எண்ணணும்? காலையில இறங்கற கூட்டத்துல யாரு யாருன்னும் பாக்கறதில்ல."

"சரி... அவங்க ரூமைக் கூட்டிப் பெருக்கறவன் யாரு?"

"ரெண்டாவது ட்ரிப்புக்கு ரூம் மாறிடும். பெட்டியை நாங்களே மாத்திடுவோம், கடைசி நாள் ஹார்பர் வாசல்ல இறக்கியும் வச்சிடுவோம். அந்த ரூம் பையன் இப்ப லீவுல ஊருக்குப் போயிருக்கான். பிடிச்சுக் கேட்டுச் சொல்றேன்."

போனை வைத்தாள்.

"முத்துசாமி... ஜீப்பை எடுங்க!"

* * *

"கோகுலகிருஷ்ணன்! காலியா கெடந்த கப்பல்ல ஒங்க காலு எப்படி வீங்குச்சு?"

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் முகத்தில் ரத்தம் வற்றியது. மொட்டை வியர்த்தது.

"மேடம்... எங்கப்பாவ நான் கொல்லல!"

"வியாழக்கிழமை எறங்கிட்டீங்க. வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"திருச்சியில... ஆஸ்பத்திரியில."

"ஒடம்புக்கு என்ன?"

"எனக்கில்ல. எம் பொண்டாட்டிக்குப் பிரசவம்."

"ஒங்க பொண்டாட்டி உள்ள ஒக்காந்திருக்காங்களே?"

"அது... வந்து... இது இன்னொரு பொண்டாட்டி."

முத்துசாமி எழுதுவதை நிறுத்தினார்.

செட்டிகுளத்து செங்கமலம். மூன்று வருஷப் பழக்கம். கடைச் சரக்கு விஷயம் என்று லாவண்யாவிடம் புளுகிவிட்டுக் கொச்சியில் இறங்கியிருக்கிறான். "நீ கப்பல்லயே இரு, ஞாயித்துக்கெழம ஹார்பர் வாசல்ல வந்து நிக்கிறேன். யாரு கேட்டாலும் சேந்தே இருந்தோம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

சுகன்யா திருச்சிக்குப் போன் போட்டாள். நர்ஸ் சிரித்தாள்.

"அந்த ஆளா? மறக்க முடியுமா மேடம்! வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரசவ வார்டு வாசல்ல மயங்கி விழுந்துட்டாரு. பெத்தவளுக்கு முன்னாடி இவருக்குத்தான் கட்டில் போட்டோம். சனிக்கிழமை விடியற வரைக்கும் டிரிப்ஸ் ஏறுச்சு!"

கொலை நடந்த நேரத்தில் கோகுலகிருஷ்ணன் கையில் ஊசி குத்தியிருந்தது!

"அப்ப... மறுபடியும் முருகையன்தானாம்மா?" முத்துசாமியின் குரல் இறங்கியது. "கோர்ட்டுக்கு நேரமாச்சு. டி.எஸ்.பி. ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு."

சுகன்யாவுக்கு வாசலில் நின்ற ராசாத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. ஒருவன் செய்யாத கொலைக்கு உள்ளே போகப்போகிறான். அவனைத் தன் கையாலேயே அனுப்ப வேண்டும்.

கூட்டம் என்று பொய் சொன்னானே, ஏன்? கப்பலில் இல்லாததால் அவனுக்குத் தெரியவில்லை. சரி.

சுகன்யா சட்டென்று எழுந்தாள்.

"முத்துசாமி! அந்தம்மாவுக்கு ஏன் தெரியல?"

* * *

லாவண்யா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே வந்த கோகுலகிருஷ்ணன் ஓரமாக உட்கார்ந்தான்.

"ஒங்க வீட்டுக்காரர் கொலை பண்ணலம்மா. சாட்சி கெடைச்சிடுச்சு" என்றாள் சுகன்யா.

புருஷன் தப்பித்தான் என்று கேட்டால் எந்தப் பெண்டாட்டியும் பெருமூச்சு விடுவாள். லாவண்யாவுக்கு மூச்சே நின்றது போலிருந்தது.

"அவரு... வியாழக்கெழமயே எறங்கிட்டாரு மேடம். அவருதான் பொய் சொல்லச் சொன்னாரு. நான் மட்டும் தனியா கப்பல்ல இருந்தேன்."

"சரி. ஆளே இல்லாத கப்பல்ல ஒங்க முந்தானைய மிதிச்ச புள்ள யாரு பெத்த புள்ள?"

லாவண்யா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

சுகன்யாவின் செல்போன் கதறியது. கொச்சி!

கேட்டாள். வைத்தாள்.

"ரூம் பையன் சொல்றான். வியாழக்கிழமையிலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்தப் படுக்கை மடிப்புக்கூடக் கலையலியாம். ஒருத்தர் படுத்தா ஒரு பக்கமாவது கசங்கணும்ல?"

"என்னடி இது?" கோகுலகிருஷ்ணன் எழுந்துவிட்டான். "ஞாயித்துக்கெழம பொட்டியோட ஹார்பர் வாசல்ல நின்னியே! கப்பல்லேர்ந்துதான வந்த?"

"பொட்டிதான் கப்பல்ல வந்துச்சு. நான் பஸ்ஸுல வந்தேன்" என்றாள் லாவண்யா.

அப்புறம் எல்லாம் தானாக வந்தது.

"செங்கமலத்துக்கு நாள் நெருங்கிடுச்சுன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆறு நாளும் கடலோட போற கப்பல்னா இவரு வரவே மாட்டாரு. நடுவுல கரையத் தொடற கப்பலா பாத்து எடுத்தேன். எறங்குவாருன்னு நெனச்சேன். எறங்கினாரு. பின்னாடியே நானும் எறங்கிட்டேன். தன் குட்டு ஒடையக் கூடாதுன்னு, நான் கப்பல்ல இருந்தேன்னு இவரே எனக்கு சாட்சி சொல்லுவாரு. மாட்டினாலும் இவருதான் மாட்டுவாரு."

"என்னைய சாட்சியாக்கிட்டியா?"

"நீங்களும் எதுக்காச்சும் ஒதவணும்ல?"

"மாமனார் என்னம்மா பண்ணாரு?" என்றாள் சுகன்யா.

லாவண்யாவின் கண் கலங்கியது. முதல் தடவையாக.

"பன்னண்டு வருசம் அவருக்குச் சோறு பொங்கிப் போட்டேன் மேடம். அவ வயித்துல பேரன் பொறந்தா தோப்ப அவன் பேருக்கு எழுதறேன்னு எம் மொகத்துக்கு நேராவே சொன்னாரு. பொறக்கறதுக்குள்ள முடிச்சிடணும்னுதான் கொட்டாயில கெடந்த கடப்பாரைய எடுத்தேன்..."

கோகுலகிருஷ்ணன் சுவரில் சாய்ந்தான்.

"பொறந்தது பொண்ணுடி" என்றான்.

முத்துசாமி நோட்டை மூடினார்.

* * *

அன்று சாயங்காலம் முருகையன் வெளியே வந்தான். ராசாத்தி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

"என் கடப்பாரைய எப்பங்க குடுப்பீங்க?" என்றான் அவன் சுகன்யாவைப் பார்த்து.

"வாய மூடிக்கிட்டு நட!" என்றாள் ராசாத்தி.

ஜீப் அரியலூர் பக்கம் திரும்பியது. பின்சீட்டிலிருந்து லாவண்யா மெல்லக் கேட்டாள்.

"எத்தன நாளுங்க உள்ள வைப்பாங்க?"

முத்துசாமி முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"மொதல்ல ரிமாண்டு பதினஞ்சு நாள்தாம்மா. முடிஞ்சதும் எறங்காம அப்படியே இன்னொரு பதினஞ்சு நாள். அதே ரூமு, அதே கொழம்பு... என்ன ஒண்ணு, நடுவுல கொச்சி வராது!"